இன்னொருக்கா அழச் சொன்னவன்

அவன் எங்கட வீட்டுப் பின்னறைக்கு வந்த முதல் கிழமையே என்ர கறிவேப்பிலைச் சாடிக்குள்ள பதினொரு சிகரெட் கட்டை. எண்ணினனான். ஆளைக் கூப்பிட்டுக் காட்டி, "தம்பி, உது சாடி. உன்ர சாம்பல் கோப்பை இல்லை" எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில ஏசினன். அவன் குனிஞ்சு சாடியைப் பாத்தான், நிமிந்து என்னைப் பாத்தான். பேந்து உள்ள ஓடிப்போய் கமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, "மடாம், பிளீஸ், இன்னொருக்கா" எண்டான்.

நான் இன்னொருக்காக் கோவப்பட வேணுமாம். அந்த வெளிச்சம் நல்லா இருக்காம்.

"இன்னொருக்கா" எண்ட அந்த ஒரு சொல்லைத்தான் அவன் தமிழில படிச்சவன். என்ர பேத்தி சொல்லிக் குடுத்தவள். வணக்கம், நன்றி, சாப்பிட்டீங்களோ எண்டு ஒண்டும் வேண்டாமாம், உது ஒண்டு காணுமாம். ஐஞ்சு மாசம் எங்களோட இருந்தான். இடியப்பம் பிழியேக்க இன்னொருக்கா, கோயில் வாசலில செருப்புக் கழட்டேக்க இன்னொருக்கா. டான்டினோங் சந்தையில நான் ஒரு பூசணிக்காயைத் தட்டிப் பாத்ததை ஆறு தரம் எடுத்தான். கடைக்காரன் அந்தப் பூசணிக்காயைச் சும்மா தந்து எங்களைக் கலைச்சுவிட்டான்.

பிறந்தது அல்பேனியாவில. படிச்சது பாரிசில. படம் எடுக்க வந்தது மெல்பேர்னில எங்கட நோபல் பார்க்குக்கு. காலில சக்கரம் பூட்டின சென்மம். என்ர மகளோட வேலை செய்யிற வெள்ளைக்காரி ஒருத்தி சொல்லித்தான் வந்தவன்.

"அம்மா, பெரிய டிரெக்டராம். கன பரிசு வாங்கினவராம்" எண்டாள் மகள்.

"பரிசு வாங்கினவருக்கு என்னத்துக்கு எங்கட பின்னறை?"

"படகில வந்த எங்கட ஆக்களைப் பற்றி எடுக்கிறாராம். அவையோட இருந்து எடுக்க வேணுமாம்."

ஐம்பது வயசிருக்கும். நெட்டையன். ஒரே மண்ணிறக் கம்பளிச் சட்டை. அது மழையில நனைஞ்ச ஆடு மாதிரி மணக்கும். நான் பால் காய்ச்சிற சட்டியில கோப்பி காய்ச்சி, அடியில கறுப்பாப் பிடிச்சிருக்கிற மண்டியைக் கழுவாமல் வைச்சிட்டுப் போவான். கமராக் கண்ணாடியை மட்டும் வெள்ளைத் துணியால, ஊதி ஊதி, குழந்தைப்பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரித் துடைப்பான். அந்தக் கண்ணாடியின்ர மூடியைப் பல்லால கடிச்சுக்கொண்டு நிண்டு படம் எடுப்பான். எடுத்து முடிய, எச்சில் ஊறின அந்த மூடியை எடுத்து நான் வடை வைச்ச தட்டில வைப்பான். சீ! நான் அந்தத் தட்டு வடையை முழுக்க என்ர மருமோனுக்குக் குடுத்திட்டன். அவருக்குச் சொல்லேல்லை.

இவ்வளவையும் சொல்லிப்போட்டு ஒண்டையும் சொல்ல வேணும். முதலில எனக்கு அவனில ஒரு பரிதாபமும் இருந்தது. தனிச்ச மனுசன், சாப்பாட்டைக் கண்டால் கண் கலங்கிறவன். பின்னேரத்தில குசினிக் கதிரையில இருந்து தேத்தண்ணி குடிப்பான். அவன்ர இங்கிலீசும் என்ர இங்கிலீசும் ஒரே வகுப்பு. அதால நல்லா விளங்கும்.

"அப்பா என்ன செய்தவர்?" எண்டு கேட்டன்.

மலைக் கிராமத்தில பல்லுப் பிடுங்கிறவராம்.

அப்பன் பல்லுப் பிடுங்கினவர், மகன் கதை பிடுங்கிறான் எண்டு நினைச்சுச் சிரிச்சன். அப்பனாவது விறைக்கப் பண்ணிப்போட்டுத்தான் பிடுங்கியிருப்பார்.

இவன் மீசை முளைக்கிற வயசில, நாட்டில எல்லாம் குழம்பின நேரம், ஒரு கப்பலில சனத்தோட சனமாத் தொங்கிக்கொண்டு இத்தாலிக்குப் போனவனாம். அங்கயிருந்து பாரிஸ். கோப்பை கழுவினவன். படப் பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு தரம் சோதனை எழுதி ரெண்டு தரமும் எடுக்கேல்லை. மூண்டாம் தரம் எடுத்திட்டினம். அங்க ஒரு கிழவி வாத்தியாராம். முதல் மாசம் முழுக்க ஒரு கதவை மட்டும் படம் எடுக்கச் சொன்னவவாம். ஆர் முதல் அலுத்துப்போய்க் கமராவை நிப்பாட்டுறானோ அவன் வீட்டை போகலாம். அடுத்த பாடம், முன்பின் தெரியாத ஒரு ஆளுக்கு முன்னால வாய் திறக்காமல் குந்தியிருக்கிறது. நீ பேசாமல் பாத்துக்கொண்டிருந்தால் மற்றவன் தாங்கேலாமல் தானாக் கதைப்பானாம். அழுகிறவனுக்குக் கைலேஞ்சி குடுக்கக் கூடாதாம். குடுத்தால் முகம் மறைஞ்சிடுமாம்.

"இதையோ நாலு வருசம் படிச்சனீ?" எண்டு கேட்டன்.

"ஓம் மடாம். மிகவும் கஷ்டமான படிப்பு."

ஆற்றையும் வீட்டுக் கதையை எட்டிப் பாக்கிறதை எங்கட பக்கத்தில விடுப்புப் பாக்கிறது எண்டு சொல்லுறனாங்கள். எங்கட ஒழுங்கையில வேலிப் பொட்டுக்குள்ளால பாத்தே சீவியத்தை முடிச்ச மனுசியள் இருந்தவை. பாரிசில பிறந்திருந்தால் எல்லாரும் வாத்தியார்.

பேந்து தன்ர முதல் படத்தின்ர கதையைச் சொன்னான். அண்டைக்குத்தான் எனக்கு அவனில இருந்த பரிதாபம் போனது.

ஊரை விட்டு வந்து ஒன்பது வருசத்துக்குப் பிறகு இவன்ர தாய் பாரிசுக்கு வந்தவவாம். இவன் கமராவோட ஸ்டேசனில நிண்டிருக்கிறான். மனுசி ரெயினால இறங்கி, இவனைக் கண்டு, பெட்டியைப் போட்டுட்டு ஓடிவந்து கட்டிப்பிடிச்சுக் கத்தினவவாம். அந்த நேரம் பாத்து கமரா பற்றியில சார்ஜ் முடிஞ்சு போச்சாம். இவன் என்ன செய்தவன் தெரியுமோ? பற்றியை மாத்திப்போட்டுத் தாயைத் திரும்பவும் ரெயினுக்குள்ள ஏத்திவிட்டவன். பெட்டியோட. நாலு தரம் ஏத்தி இறக்கினவன்.

"படத்தில எந்தக் கட்டிப்பிடி இருக்கு?" எண்டு கேட்டன்.

"நாலாவது" எண்டான். "முதல் மூண்டிலயும் அம்மா உண்மையா அழுதவ. முகம் சரியாத் தெரியேல்லை."

சொல்லிப்போட்டு, ஆட்டுக்கறி பிரட்டலை விரலால வழிச்சு நக்கினான். அந்தப் படத்துக்குத்தான் முதல் பரிசாம். அதுக்குப் பிறகு சுரங்கத்தில மகனைப் பறிகுடுத்த ஒரு தகப்பனை எடுத்தவன், கடலில புருசனைப் பறிகுடுத்த ஒரு மனுசியை எடுத்தவன். ஆற்றை வீட்டில பிணம் விழுந்தாலும் இவன் பரிசோட வெளியில வருவான்.

எங்கட சனம் ஏன் இவனுக்கு இவ்வளவு அடங்கிப் போனது எண்டு கேப்பியள். எங்கட கலியாண வீட்டுக் கமராக்காரர் எங்களை அப்பிடிப் பழக்கி வைச்சிருக்கினம். தாலி கட்டின மாப்பிள்ளையை, "தம்பி, கையைத் தூக்கி இன்னொருக்காக் கட்டுறமாதிரிப் பிடியுங்கோ" எண்டால் பிடிக்கிற சனம் நாங்கள். ஐயரும் மந்திரத்தை நிப்பாட்டிப்போட்டு நாடியை நிமித்திக்கொண்டு நிப்பார். கமரா எண்டால் நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளையள்.

எங்கட முன்னறையில ஒரு பிள்ளை வாடகைக்கு இருக்கிறாள். கரட் கழுவிப் பைக்குள்ள போடுற இடத்தில வேலை. படகில வந்தவள். புதுப்பிச்சுப் புதுப்பிச்சு வைச்சிருக்கிற தற்காலிக விசா. என்ர பேரப்பிள்ளையின்ர பிறந்தநாளில படம் எடுக்கேக்கயும் பலூனுக்குப் பின்னால போய் நிக்கிறவள். ஏனெண்டால் ஊரில அவளைத் தேடி இன்னும் சீ.ஐ.டி ஆக்கள் வருகினம். அவளுக்கு ஒரே ஒரு தம்பி. விசாரிக்க வாற ஆக்களிட்ட, "அக்காவோ? படகில போனவ, கடலோட போட்டா" எண்டு சொல்லித்தான் அவன் இத்தனை வருசம் தப்பி நிக்கிறான். இவள் உயிரோட இருக்கிறாள் எண்டு தெரிஞ்சால் அவனைக் கொண்டுபோவாங்கள்.

இவள் அந்த டிரெக்டரை நம்பினதுக்குக் காரணம் அந்தக் கப்பல் கதை.

"அவரும் கப்பலில தொங்கிக்கொண்டு வந்தவரோ அன்ரி?" எண்டு கேட்டாள். "அப்ப அவருக்கு எங்கட நிலைமை விளங்கும்."

கதைச்சுப் பேசித்தான் ஒப்புக்கொண்டவள். முகம் வரக்கூடாது. கை வரலாம், முதுகு வரலாம். அவன் நெஞ்சில கையை வைச்சு, "சத்தியம்" எண்டான். நானும் பக்கத்தில நிண்டனான்.

அப்பத்தான் அவளின்ர தாய் ஊரில செத்துப்போனா.

போகேலாது. போனால் திரும்பி வரேலாது, போய் இறங்கினால் உயிருமில்லை. தம்பிக்காரன் செத்தவீட்டை ஃபோனில காட்டினான். எங்கட மருமோன் அதைப் பெரிய டிவியில போட்டுவிட்டார். எங்களுக்குப் பின்னேரம், அங்க காலமை. டிவிக்கு முன்னால பாய் விரிச்சு, விளக்கேத்தி, நாங்கள் எல்லாரும் இருந்தம். டிரெக்டர் கமராவோட சுவரில ஒட்டிக்கொண்டு பின்னால நிண்டான். சொன்னமாதிரி முதுகைத்தான் எடுக்கிறான் எண்டு நான் ரெண்டு தரம் திரும்பிப் பாத்து உறுதிப்படுத்தினன்.

வாய்க்கரிசி போடேக்க அந்தப் பிள்ளை எழும்பிப் போய் டிவியில தாயின்ர காலைத் தொட்டாள். கண்ணாடி தான். கண்ணாடியைத் தடவித் தடவி, "அம்மா, அரிசி போட என்ர கை இல்லையேணை" எண்டு குழறினாள். அந்த நேரம் பாத்து லைன் அறுந்து போச்சுது. டிவி ஒரே கறுப்பு. மருமோன் ஓடி ஓடி வயரைப் பாத்தார். திரும்ப லைன் வரேக்க, பெட்டியை மூடிப்போட்டினம்.

அடுத்த நாள் தம்பிக்காரன் செத்தவீட்டு வீடியோவை முழுக்க அனுப்பினவன். எங்கட பக்கத்தில செத்தவீட்டையும் வீடியோ எடுக்கிறது வழமை. அதை எப்பிடியோ அறிஞ்சு டிரெக்டர் குசினிக்கு வந்து நிண்டான். நேற்று முக்கியமான இடத்தில நான் எழும்பினதால என்ர இடுப்பு குறுக்க வந்திட்டுதாம். அந்த வீடியோவைத் திரும்ப டிவியில போட்டால், அந்தப் பிள்ளை திரும்ப எழும்பிப் போய்...

"இன்னொருக்கா?" எண்டான்.

நான் கையிலிருந்த அகப்பையை ஓங்கிப்போட்டன். அந்தப் பிள்ளை தான் தடுத்தவள். "பரவாயில்லை அன்ரி. நான் நேற்று ஒண்டையும் சரியாப் பாக்கேல்லை. திரும்பப் பாக்கத்தான் வேணும்."

பாத்தாள். அழுதாள். அதுக்கடுத்த நாளும் இருத்தினான். அண்டைக்கு அவளுக்கு அழுகை வரேல்லை. காய்ஞ்சுபோன கண்ணோட தாயின்ர பெட்டியைப் பாத்துக்கொண்டு இருந்தாள். இவன் அசையாமல் நிண்டு, நிண்டு, கடைசியில மூச்சை விட்டு, "இது தான் உண்மை" எண்டு சொன்னான். பிறகு போய் என்ர சோத்துப் பானையைத் திறந்து பாத்தான். அவனுக்குப் பசியாம்.

கொஞ்ச நாள் கழிச்சு அவன் வெட்டி ஒட்டின படத்தை லப்டொப்பில எனக்குக் காட்டினான். நான் பாராட்டுவன் எண்டு நினைச்சிருப்பான். இடியப்பம் வருது, கோயில் வருது, கரட் கழுவிற கை வருது. செத்தவீடு வருது. அந்தப் பிள்ளையின்ர முதுகு. டிவி கறுக்குது. கறுத்த டிவிக்குள்ள, கண்ணாடியில முகம் பாக்கிற மாதிரி, அவளின்ர முகம். வாய் திறந்தபடி. மூக்குத்தி கூடத் தெரியுது.

"முகம் எடுக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனீ."

"நான் முகத்தை எடுக்கேல்லை மடாம். டிவியை எடுத்தனான்."

சொல்லேக்க சிரிச்சான். கெட்டிக்காரச் சிரிப்பு. நாலு வருசம் படிச்ச சிரிப்பு.

"உந்த முகத்தை வெட்டு."

"இது படத்தின்ர இதயம்."

அதுக்குப் பிறகு எனக்கு இங்கிலீசு வரேல்லை. எனக்குக் கோவம் தமிழில மட்டும் தான் வரும். குசினிக்குள்ள அவனை ஃப்ரிட்ஜோட நிப்பாட்டி வைச்சுத் தொடங்கினன். "எடேய் ஊத்தைவாளி, பெத்த தாயையே ரெயினில ஏத்தி இறக்கின உனக்கு மற்றவளின்ர தாயின்ர சா விளங்குமோடா?" எண்டு தொடங்கினது. அவன் ஒண்டும் பேசேல்லை. கையைக் கட்டிக்கொண்டு பாத்தபடி நிண்டான். கமரா அரிசி வாளிக்குப் பக்கத்தில சும்மா கிடந்தது. அவன் திருப்பிப் பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு கோவம் ஏறியிருக்காது. அவன் பேசாமல் நிக்க நிக்கத்தான் எனக்கு ஏறிச்சுது.

எல்லாத்தையும் கொட்டினன். இவளின்ர தம்பி ஆரெண்டு தெரியுமோடா உனக்கு எண்டு கேட்டு, அவன்ர பேரைச் சொன்னன். எங்களுக்கு ஒரு ஆளின்ர பேரை மட்டும் சொல்லி நிப்பாட்டத் தெரியாதே. தகப்பன்ர பேர், அந்த மனுசனுக்கு ஊரில இருந்த பட்டப்பேர், எந்த ஊர், எந்தச் சந்தி, சந்தியில எந்தப் பக்கத்தில என்ன கடை வைச்சிருக்கிறான் எண்டது வரைக்கும் சொன்னன். "அக்கா செத்திட்டா எண்டு அவன் வாறவங்களிட்டப் பொய் சொல்லிச் சொல்லிச் சீவிக்கிறானடா, உன்ர படத்தால அவன்ர பொய் பிடிபட்டால் அவன்ர கதி என்னடா?" எண்டு கத்தினன். நான் இங்க அந்தப் பேருகளைத் திருப்பிச் சொல்லமாட்டன். அண்டைக்கு மட்டும் எனக்கு ஒரு பயமும் இல்லை. அல்பேனியாக்காரனுக்கு என்ன தமிழ் தெரியும்? தமிழில கத்திறது எனக்குக் கதவைப் பூட்டிப்போட்டுக் கத்திற மாதிரி.

நான் களைச்சுப்போய்க் கதிரையில இருக்க, அவன் கிட்ட வந்து, என்ர கையை எடுத்து உதட்டில வைச்சுக் கொஞ்சினான். "சரி மடாம். நீங்கள் வெண்டிட்டியள். முகத்தை வெட்டுறன்."

அவன் போன பிறகு சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவினன். எண்டாலும் எனக்குப் பெருமை. முன்னறைப் பிள்ளையிட்டப் போய், "நான் குடுத்த ஏச்சில ஆள் பயந்திட்டான்" எண்டு சொன்னன். அவள் என்ர தோளில சாஞ்சு, "அன்ரி, நீங்கள் தான் எனக்கு இப்ப அம்மா" எண்டாள்.

அவன் பாரிசுக்குப் போட்டான். பின்னறையைக் கழுவ எனக்கு மூண்டு நாள் எடுத்தது. போன மாதம், சிட்னியில ஒரு பட விழாவில அந்தப் படம் ஓடப்போகுது எண்டு பேத்தி சொன்னாள். அவள் இப்ப வேலைக்காக அங்க பென்டில் ஹில்லில இருக்கிறாள். "போய்ப் பாத்திட்டு, முகம் இருக்கோ இல்லையோ எண்டு உடன எடுத்துச் சொல்லு" எண்டன்.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானக் காட்சி. முன்னறைப் பிள்ளை காலமையிலயிருந்து சாப்பிடேல்லை. அரிசி களைஞ்ச தண்ணியைச் சட்டியோட கையில வைச்சுக்கொண்டு அதை ஊத்தவும் இல்லாமல் சிங்குக்குப் பக்கத்தில நிண்டாள். ஃபோன் அடிச்சுது.

"அம்மம்மா, அக்கான்ர ஃபேஸ் இல்லை. ஒரு இடத்திலயும் இல்லை."

"முருகா!"

"பட் அம்மம்மா... நீங்க இருக்கிறீங்க."

"நான் இடியப்பம் பிழியிறதோ?"

"இல்லை. கிச்சின்ல. அவரை ஏசுறீங்க. ஏழு எட்டு நிமிசம், கட் பண்ணவே இல்லை. ஹோல்ல எல்லாரும் சிரிச்சவை. பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்லை."

"என்னடி சொல்லுறாய்? கமரா சும்மா எல்லோ கிடந்தது?"

"ஓடிக்கொண்டு தான் இருந்திருக்கு. அதில சிவப்பு லைட் எரியும், அதில டேப் ஒட்டி வைக்கிறவராம். ஸ்டேஜில சொன்னவர். இந்த ஒண்டு தான் திருப்பி எடுக்காமல் ஒரே தரத்தில எடுத்ததாம். எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவை."

நான் குரலைத் தாழ்த்தினன். "நான் கதைச்சது தமிழ் தானே பிள்ளை?"

"கீழ இங்கிலீஷ்ல எழுத்துப் போகுது அம்மம்மா. நீங்க சொன்ன எல்லாம். அந்த அக்கான்ர தம்பியின்ர ஃபுல் நேம். அவற்ற அப்பான்ர பேர். கடை. எல்லாம்."

"போய் வெட்டச் சொல்லு. இப்பவே போ."

"கேட்டனான். வேற மூண்டு நாட்டில ஏற்கெனவே ஓடிட்டுதாம். நீங்க பேப்பரில சைன் வைச்சனீங்களாம், வீட்டுக்குள்ள எதையும் எடுக்கலாம் எண்டு. உங்களுக்கு ஒரு ஹக் குடுக்கச் சொன்னவர்."

சைன் வைச்சனான் தான், அவன் பின்னறைக்கு வந்த அண்டைக்கே. நாலு எழுத்தில, வடிவா, நேரம் எடுத்து.

நான் திரும்பினன். அந்தப் பிள்ளை சட்டியை வைச்சுப்போட்டு என்னையே பாத்துக்கொண்டு நிண்டாள்.

"முகம் வந்ததோ அன்ரி?"

"இல்லைப் பிள்ளை. முகம் இல்லை."

அவள் அப்பிடியே நிலத்தில இருந்திட்டாள். சிரிச்சாள், அழுதாள், ஈரக்கையால தன்ர முகத்தைத் துடைச்சாள். நான் வாயைத் திறக்கிறதுக்கு முதல் தம்பிக்கு ஃபோன் போட்டிட்டாள். அங்க கடை திறந்திருக்கிற நேரம். சுத்தியலால ஏதோ தட்டுற சத்தம் கேட்டுது, நிண்டுது.

"டேய், பிரச்சினை ஒண்டும் இல்லையடா. என்ர முகம் வரேல்லையாம். இனி நீ நிம்மதியா இரு. அன்ரி தான் சண்டை பிடிச்சு வெட்டுவிச்சவ."

எனக்கு அவன்ர எச்சில் மூடியை நினைச்சு வராத அருவருப்பு, என்ர சொந்த வாயை நினைச்சு வந்தது. நாக்குப் புளிச்சுது. அவளின்ர கையிலயிருந்து ஃபோனை வாங்கினன். அவள் என்ர கையை விடாமல் பிடிச்சுக்கொண்டு என்ர முகத்தைப் பாத்தாள்.

"தம்பி, கடையைப் பூட்டு. இண்டைக்கே பூட்டு. வீட்டுக்குப் போகாதை, வேற ஊரில ஆரும் இருந்தால் அங்க போ. நான் உன்ர பேரைச் சொல்லிப்போட்டன். கடை இருக்கிற இடமும் சொல்லிப்போட்டன். அக்கா உயிரோட இருக்கிறா எண்டும் சொல்லிப்போட்டன்."

பின்னால ஒரு மோட்டார் சைக்கிள் போற சத்தம் கேட்டுது.

"ஆருக்கு அன்ரி சொன்னனீங்கள்?"

"எல்லாருக்கும் தம்பி."